மழுங்கிய கார்பைடு டூல்: ரீகிரைண்டிங் எப்போது லாபம், எப்போது வீண் செலவு?

பீனியா, ராஜாஜிநகர், பொம்மசந்திரா, ஜிகனி என்று பெங்களூருவின் எந்தத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தாலும் 2025 முதல் ஒரே புலம்பல்தான்: உலோகம் வெட்டும் கார்பைடு டூலின் விலை. இதன் விளைவாக, இதுவரை மழுங்கிய டிரில்லையும் (ஓட்டை போடுவது) எண்ட்மில்லையும் (பக்கவாட்டிலும் செதுக்குவது) டப்பாவில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டிருந்த பட்டறைகளும் ரீகிரைண்டிங் பக்கம் திரும்பியிருக்கின்றன. மழுங்கிய வெட்டு முனையை மறுபடி தீட்டி, மேலே புதுக் கோட்டிங் (மெல்லிய பூச்சு) ஏற்றி, மெஷினில் மாட்டுவதுதான் ரீகிரைண்டிங்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அனுப்பியவர்களில் ஒருவர் "புதுசு மாதிரியே ஓடுது" என்கிறார். பக்கத்து ஷெட்காரர் "நாலு பீஸ்லயே போயிடுச்சு, இனிமே அந்த வேலையே வேண்டாம்" என்கிறார். இரண்டு பேரும் கொடுத்தது ஒரே கடையில், ஒரே கட்டணத்துக்கு. கிரைண்டிங் கடையைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு டூலுக்கு இன்னொரு ஆயுள் உண்டா என்பது, அது கடைக்குப் போவதற்கு முன்பே, மெஷினிலிருந்து எப்போது கழற்றினோம் என்பதில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

டூலுக்குள் என்ன இருக்கிறது?

பட்டறையில் புழங்கும் வெட்டுக் கருவிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று எச்.எஸ்.எஸ். எனப்படும் ஹைஸ்பீடு ஸ்டீல். எஃகில் டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் போன்றவை கலந்தது. மற்றொன்று கார்பைடு. டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு கலந்து அச்சில் அழுத்தி, உலையில் வேகவைத்து இறுக்கியது. மிகக் கடினமான கார்பைடு மணிகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பசைதான் கோபால்ட். எடையில் 6 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். 1920களில் ஜெர்மனியில் பிறந்த இந்தச் சரக்கை குருப் நிறுவனம் 'விடியா' என்ற பெயரில் விற்றது. நம் பழைய டர்னர்கள் எந்த கார்பைடு பிட்டையும் விடியா என்றே சொல்வது அதனால்தான். துமகூரு சாலையில் அந்தப் பெயரில் பல்லாண்டு ஓடிய தொழிற்சாலையையும் பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. 10 மி.மீ. விட்டம், ஏறக்குறைய 100 மி.மீ. நீளமுள்ள ஒரு சாலிட் கார்பைடு டிரில்லின் எடை, சுருள் பள்ளங்களான புரிகளில் கழிந்துபோனது நீங்கலாக, சுமார் 85 கிராம். அதில் பெரும்பகுதி டங்ஸ்டன். அந்த டிரில் "மழுங்கிவிட்டது" என்று நாம் கழற்றும்போது முனையில் தேய்ந்து போயிருப்பது சில மில்லிகிராம்தான். மீதி 85 கிராமும் அப்படியே இருக்கிறது. ரீகிரைண்டிங் என்ற தொழிலே இந்த வித்தியாசத்தில்தான் பிழைக்கிறது.

டங்ஸ்டன் விலை ஏன் ஏறியது?

தமிழ் வாசகர்களுக்கு டங்ஸ்டன் என்ற பெயர் அரிட்டாபட்டி வழியாகவே வீட்டுக்குள் வந்தது. மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டி தொகுதியில் 2,015.51 ஹெக்டேர் பரப்பு 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதும், மேலூர் பக்கத்து மக்கள் கிளர்ந்ததும், டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டதும், 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் தெரிந்த கதை. அதற்கு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், பிப்ரவரி 4 அன்று சீனா டங்ஸ்டன் உள்ளிட்ட ஐந்து உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முதலாவது செய்தி தெருவுக்கு வந்தது. இரண்டாவது டீலரின் விலைப்பட்டியலில் வந்தது.

உலகச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் டங்ஸ்டனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சீனாவுடையது. உலகில் செலவாகும் டங்ஸ்டனில் பாதிக்கும் மேல் கார்பைடாகவே மாறுகிறது. அப்புறம் என்ன, 2025 முடிவதற்குள் டங்ஸ்டன் மூலப்பொருளின் சந்தை விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இந்தியா கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதியை நம்பி இருக்கிறது. ராஜஸ்தானின் தேகானா சுரங்கம் 1990களிலேயே மூடப்பட்டது. பெங்களூருத் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகமான கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளிலும் (தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண் குவியல்கள்) ஷீலைட் என்ற டங்ஸ்டன் கனிமம் உண்டு. ஆனால் அது மண்ணோடு மண்ணாகத்தான் கிடக்கிறது. 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் இடம்பெற்றது.

சுரங்கம் பற்றிய வாதம் நெடுநாள் நடக்கும். பட்டறைக்காரருக்கு இன்றைக்கே கைக்கு எட்டுகிற டங்ஸ்டன், அவர் டூல் டப்பாவில் இருப்பதுதான்.

மழுங்குவது ஒரே விதமாக இல்லை

"டூல் போயிடுச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் ஆறு விதமான கேடுகள் ஒளிந்திருக்கின்றன. ரீகிரைண்டிங்குக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது எந்தக் கேடு என்பதைப் பொறுத்தது.

1. பக்கத் தேய்மானம். வெட்டு முனைக்குக் கீழே, ஜாப்போடு (வெட்டப்படும் உலோகத் துண்டு) உரசும் பக்கத்தில் ஒரு பளபளப்பான பட்டை விழும். இயல்பான, நல்ல தேய்மானம் இதுதான். டர்னிங்குக்கான (கடைசல் வேலை) ஐ.எஸ்.ஓ. 3685 தரநிலை, இந்தப் பட்டையின் சராசரி அகலம் 0.3 மி.மீ. ஆனதும் டூலின் ஆயுள் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது.

2. மூலைத் தேய்மானம். டிரில்லின் வெளி மூலையிலும், அதிலிருந்து மேலேறும் ஒடுங்கிய ஓரப் பட்டையான மார்ஜினிலும் விழுவது. வெட்டு வேகம் மிக அதிகமாக இருக்கும் இடம் அது. டிரில்லை எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

3. குழித் தேய்மானம். சிப் (வெட்டுண்டு வரும் உலோகச் சீவல்) வழுக்கி ஓடும் முகத்தில் பள்ளம் விழுவது. எஃகை அதிக வேகத்தில் வெட்டும்போது வரும்.

4. சில்லு பெயர்தல். ரன்-அவுட் (டூல் மையத்தில் சுழலாமல் ஆடுவது), தளர்ந்த கிளாம்ப், பாதியில் நிற்கும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) எல்லாம் இதற்குக் காரணம். டூல் மேல் பழி போட்டுப் பயனில்லை.

5. வெப்ப விரிசல். மில்லிங்கில் சூடாகி, கூலன்ட் பட்டுக் குளிர்ந்து, மறுபடி சூடாகி, முனைக்குக் குறுக்கே சீப்புப் பல் மாதிரி விரிசல் விழும். வெளியே தெரிவதைவிட உள்ளே ஆழமாகப் போயிருக்கும்.

6. ஒட்டு முனை. அலுமினியமோ மைல்ட் ஸ்டீலோ முனையில் அப்பிக்கொள்வது. இதில் பல சமயம் டூல் தேயவே இல்லை. ஒட்டியதைச் சுத்தம் செய்தால் மறுபடி ஓடும். இதையும் சேர்த்துக் கட்டி ரீகிரைண்டிங்குக்கு அனுப்புகிற பட்டறைகள் உண்டு.

எப்போது கழற்றுவது?

தேய்மானத்தை வரைபடமாகப் போட்டால் மூன்று கட்டம் தெரியும். புது முனையின் கூர் முதல் சில நிமிடங்களில் சட்டென்று கொஞ்சம் தேயும். பிறகு நெடுநேரம் நிதானமாக, கணிக்கக்கூடிய வேகத்தில் போகும். மூன்றாவது கட்டத்தில் கோட்டிங் முழுசாகப் போய், உரசல் கூடி, சூடு ஏறி, தேய்மானம் செங்குத்தாக எகிறும். இரண்டாவது கட்டம் முடிந்து மூன்றாவது தொடங்குகிற இடம்தான் கழற்ற வேண்டிய இடம்.

நடைமுறையில் என்ன ஆகிறது? ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கிறது. டூல் மாற்றினால் ஆஃப்செட் (மெஷினுக்குச் சொல்லும் டூல் அளவு) போட வேண்டும், முதல் பீஸை அளந்து பார்க்க வேண்டும். "இன்னும் நாலு பீஸ்தானே, ஓடட்டும்." அந்த நாலு பீஸும் ஓடுகின்றன. சத்தம் மட்டும் மாறுகிறது, சிப்பின் நிறம் கறுக்கிறது, ஓட்டையின் வாயில் பர் (பிசிறு) நிற்கிறது, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் சுமையைக் காட்டும் லோடு மீட்டர் ஏறுகிறது. அந்த நாலு பீஸுக்கு டூல் கொடுத்த விலை எவ்வளவு என்பதை ஹாப் எனப்படும் பல்சக்கரம் வெட்டும் கருவியில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஹாப்பின் பல் வடிவம் கெடாமல் இருக்க, அதை முன்முகத்தில் மட்டுமே தீட்ட முடியும். பக்கத்தில் விழுந்த தேய்மானப் பட்டை முழுதும் மறையும்வரை முன்முகத்தைப் பின்னோக்கி அரைத்துக்கொண்டே போக வேண்டும். பட்டை 0.3 மி.மீ. என்றால் ஒவ்வொரு பல்லிலும் 0.3 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் போதும். 0.9 மி.மீ. வரை ஓடவிட்டால் 1 மி.மீ. எடுக்க வேண்டும். மூன்று முறை தீட்டியிருக்க வேண்டிய சரக்கு ஒரே முறையில் தூளாகிப் போகிறது.

டிரில்லில் கதை கொஞ்சம் வேறு. அதை முனையின் பின்பக்கத்தில் தீட்டுகிறோம். அங்கே சாய்வு பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் என்பதால் 0.2 மி.மீ. பட்டையை அழிக்க நீளத்தில் மிகச் சிறிதளவே எடுத்தால் போதும். ஆனால் மூலை உருண்டு, மார்ஜினில் தேய்மானம் மேலேறிவிட்டால் அந்த உயரம் முழுவதையும் வெட்டித் தள்ள வேண்டும். மார்ஜினில் 2 மி.மீ. தூரம் தேய்ந்திருக்கும்போது அரை மி.மீ. மட்டும் எடுத்துத் தீட்டினால், முனை பளிச்சென்று இருக்கும், மூலை விட்டம் குறைந்தே இருக்கும். அந்த டிரில் ஓட்டைக்குள் இறுகி, சூடேறி, முறியும். "நாலு பீஸ்லயே போயிடுச்சு" என்ற புகாரில் கணிசமானவை இந்த வகைதான். பழி விழுவது தீட்டியவர் மேல். அவரும் முழுக்கக் குற்றமற்றவர் என்று சொல்ல முடியாது. "மார்ஜின் போயிருக்கு, ரெண்டு மி.மீ. கட் பண்ணணும்" என்று போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே ஜாப் தொடர்ந்து ஓடுகிற பட்டறையில் கழற்றும் நேரத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. புது டிரில்லை 200, 300, 400 ஓட்டைகள் கழித்து எடுத்து, அளவுகோடு உள்ள சிறு மைக்ராஸ்கோப்பில் பட்டையின் அகலத்தைப் பார்த்துக் குறித்தால், வளைவு எங்கே எகிறுகிறது என்று தெரிந்துவிடும். அதற்குச் சற்று முந்தைய எண்ணை சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) கன்ட்ரோலின் டூல் லைஃப் கவுன்ட்டரில் போட்டுவிட்டால், முடிவு ஆபரேட்டரின் மனநிலையை நம்பி இருக்காது. தினம் ஒரு மெட்டீரியல் ஓட்டும் ஜாப் ஷாப்பில் இந்தக் கவுன்ட்டர் உதவாது. அங்கே ஸ்பிண்டில் லோடுதான் நம்பகமான சாட்சி.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிரெடெரிக் டெய்லர் 1907இல் வெளியிட்ட டூல் ஆயுள் சூத்திரத்தின்படி, கார்பைடுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் 0.25 என்ற அடுக்கைப் போட்டால், வேகம் இரட்டிப்பானால் ஆயுள் பதினாறில் ஒரு பங்காகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே ஆயுள் ஒன்றரை மடங்கு ஆகிறது. ரீகிரைண்டிங் பற்றி யோசிக்கும் முன் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். பைசா செலவில்லை.

கிரைண்டிங் கடைக்குள்

டூல் வந்ததும் அல்ட்ராசானிக் தொட்டியில் எண்ணெயும் சிப்பும் போகக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். ஐந்து அச்சு சி.என்.சி. டூல் கிரைண்டரில் மாட்டி, பழைய கோணங்களை அளந்து, அதே வடிவத்தை மறுபடி கொண்டுவருகிறார்கள். கார்பைடுக்கு டைமண்ட் வீல், எச்.எஸ்.எஸ்.க்கு சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) வீல். எஃகை டைமண்டில் தீட்டினால், உரசல் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரைந்து வீல்தான் வீணாகும்.

டிரில்லைத் தீட்டினால் நீளம் குறையும், விட்டம் மாறாது. எண்ட்மில்லின் பக்கப் பற்களைத் தீட்டினால் விட்டம் குறையும். 12 மி.மீ. எண்ட்மில் 11.7 ஆகத் திரும்பி வரும். அதைப் பழைய ஆஃப்செட்டிலேயே ஓட்டினால் சுவரில் 0.15 மி.மீ. சரக்கு வெட்டாமல் நிற்கும். ஆகவே திரும்பி வரும் ஒவ்வொரு எண்ட்மில்லின் உண்மை விட்டமும் எழுதிய சீட்டோடு வர வேண்டும். சீட்டு இல்லாமல் பிளாஸ்டிக் குழாயில் போட்டுக் கொடுக்கும் கடையை மாற்றிவிடுவது நல்லது. ஓட்டையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் இதைவிட நுணுக்கமானது. எச்7 அளவு ஓட்டை போடும் ரீமரின் வெளிவிட்டத்தில் கை வைத்தால் அளவு போச்சு. முன்முனைச் சரிவை மட்டுமே தீட்ட முடியும்.

பலர் கவனிக்காத, ஆனால் ஆயுளில் பெரிய வித்தியாசம் காட்டுகிற கட்டம் அடுத்தது. அரிவாள்மனையைச் சாணை பிடித்து வாங்கும்போது விரல் நுனியால் தடவிக் கூர் பார்ப்போம். கார்பைடில் அந்தச் சோதனை ஏமாற்றும். வீலிலிருந்து இறங்கிய கார்பைடு முனை கைக்குக் கூராகத் தெரிந்தாலும், மைக்ராஸ்கோப்பில் ரம்பம் மாதிரி நொறுங்கிய ஓரமாக இருக்கும். அப்படியே ஜாப்பில் விட்டால் முதல் சில சுற்றுகளிலேயே சில்லு பெயரும். அதனால் முனையை வேண்டுமென்றே 10 முதல் 30 மைக்ரான் ஆரத்துக்கு லேசாக உருட்டுகிறார்கள். ஹோனிங் என்பது இதுதான். பிரஷ் கொண்டோ, அரைப்புத் துகள்கள் நிறைந்த தொட்டிக்குள் டூலைச் சுழற்றியோ செய்வார்கள். அலுமினியம் வெட்டும் டூலுக்கு ஆரம் குறைவாகவும், கடின எஃகு வெட்டும் டூலுக்குக் கூடுதலாகவும் வேண்டும். எனவே டூல் கொடுக்கும்போது எந்த மெட்டீரியலில் ஓடுகிறது என்று சொல்லாமல் கொடுப்பது, டாக்டரிடம் போய் நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பதுதான். கட்டணத்தைக் குறைக்க நினைக்கும் கடைகள் முதலில் வெட்டுகிற கட்டமும் ஹோனிங்தான். வாடிக்கையாளர் விரலால் தடவி, கூராக இருக்கிறதென்று மகிழ்ந்து போய்விடுகிறார்.

கோட்டிங்

டூலின் மேலுள்ள பொன்னிறமோ, ஊதா கலந்த கறுப்போ, நீலச் சாம்பலோ வெறும் அழகுக்கு இல்லை. பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு, ஊதா கலந்த கறுப்பு டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு, நீலச் சாம்பல் அலுமினியம் குரோமியம் நைட்ரைடு. பொதுவாக 2 முதல் 5 மைக்ரான் தடிமன். பி.வி.டி. என்ற முறையில், வெற்றிட அறைக்குள் ஏறக்குறைய 450 – 500 டிகிரி செல்சியஸில் ஏற்றுகிறார்கள். சி.வி.டி. என்ற இன்னொரு முறைக்கு 1,000 டிகிரி அளவு சூடு வேண்டும். அதில் எச்.எஸ்.எஸ். டூலின் கடினம் போய்விடும்.

தீட்டிய இடத்தில் பழைய கோட்டிங் இருக்காது. டிரில்லின் முனையை மட்டும் தீட்டினால் புரிக்குள் இருக்கும் கோட்டிங் தப்பிக்கும். அப்போது கோட்டிங் இல்லாமலே ஓட்டினாலும் ஓரளவு ஆயுள் கிடைக்கும், சாதாரண வேலைக்கு அது போதும். எஃகில் முழு வேகத்தில் ஓட வேண்டுமானால் மறு கோட்டிங் அவசியம். பழையதின் மேலேயே ஏற்றிக்கொண்டு போனால் சில சுற்றுகளில் தடிமன் கூடி, உரிந்து வரத் தொடங்கும். பழையதை ரசாயனத்தில் கரைத்து எடுத்துவிட்டு ஏற்றுவது சரியான முறை. ஆனால் ரசாயனம் கொஞ்சம் மிஞ்சினால் கார்பைடைப் பிடித்து வைத்திருக்கும் கோபால்ட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். மேற்பரப்பு பஞ்சாகி, கோட்டிங் ஒட்டாது.

கோட்டிங் அறை நிரம்பினால்தான் ஓடும். ஆகவே போய்வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். மெஷினில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று, வெளியே போனது ஒன்று என்று ஒவ்வொரு முக்கிய டூலுக்கும் மூன்று செட் இல்லாத பட்டறையில், ரீகிரைண்டிங் திட்டம் முதல் அவசர ஆர்டரிலேயே கவிழும்.

காசுக் கணக்கு

விளங்குவதற்காக உருண்டை எண்களில் ஒரு எடுத்துக்காட்டு. புது டிரில் 4,000 ரூபாய், 1,000 ஓட்டை. ரீகிரைண்டிங்கும் கோட்டிங்கும் சேர்ந்து 900 ரூபாய், ஒவ்வொரு முறையும் 900 ஓட்டை.

1. புதுசையே வாங்கித் தூக்கிப் போட்டால்: ஓட்டைக்கு 4 ரூபாய்.

2. நேரத்தோடு கழற்றி நான்கு முறை தீட்டினால்: மொத்தச் செலவு 7,600, மொத்தம் 4,600 ஓட்டை. ஓட்டைக்கு 1.65 ரூபாய்.

3. ஒவ்வொரு முறையும் 100 ஓட்டை கூடுதலாக ஓட்டி, சரக்கை நிறைய வெட்ட வேண்டிவந்து, ஒரே ஒரு முறை மட்டும் 1,300 ரூபாய்க்குத் தீட்ட முடிந்தால்: 5,300 ரூபாய், 2,100 ஓட்டை. ஓட்டைக்கு 2.52 ரூபாய்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கடை ஒன்றுதான், டூலும் ஒன்றுதான். ஆசைப்பட்டு ஓட்டிய அந்த 100 ஓட்டைதான் ஓட்டைக்கு 87 பைசாவைத் தின்றது.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் வைத்து எல்லா டூலையும் அனுப்பிவிடக் கூடாது. ஒரு பாகத்தின் உற்பத்திச் செலவில் வெட்டுக் கருவியின் பங்கு 3 முதல் 5 சதவீதம் என்று தொழிலில் பொதுவாகச் சொல்வார்கள். மீதி மெஷின் நேரம், கூலி, மெட்டீரியல். ஒரு ரீகிரைண்ட் டிரில் முறிந்து, டைட்டானியத்திலோ இன்கோனலிலோ முக்கால்வாசி வேலை முடிந்த விமானப் பாகத்துக்குள் மாட்டிக்கொண்டால், வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தது ஒரே மதியத்தில் போகும். பெங்களூருவில் எச்.ஏ.எல்., இஸ்ரோ வேலை எடுக்கும் பட்டறைகள் இதனால்தான் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் நியாயமானது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட செய்முறையில் டூலின் விவரமும் உறைந்திருந்தால், கேட்காமல் ரீகிரைண்ட் டூல் போடுவது ஒப்பந்த மீறலாகவும் ஆகலாம். ஃபினிஷிங்குக்குப் புதுசு, ரஃபிங்குக்கு ரீகிரைண்ட் என்று பிரித்து ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னும் சில வகைகளை அனுப்பாமல் இருப்பதே மேல். 3 மி.மீ.க்குக் குறைந்த டிரில், எண்ட்மில்களில் தீட்டும் கூலியே புதுசின் விலையை நெருங்கும். வெப்ப விரிசல் விழுந்தது தீட்டிய பிறகும் உள்ளே விரிசலோடுதான் வரும். ஷாங்க்கில் (ஹோல்டருக்குள் போகும் தண்டு) வடு விழுந்தது ஹோல்டரில் நேராக உட்காராது. ரன்-அவுட் சில மைக்ரான் கூடினாலே ஒரு பல் மட்டும் முழுச் சுமையையும் தாங்கும்.

இன்சர்ட் விஷயம்

டர்னிங்கில் ஓடும் இன்சர்ட்டுகளை (ஹோல்டரில் மாட்டும் சிறு வெட்டுத் துண்டுகள்) தீட்டுவது பொதுவாகக் கட்டுப்படியாகாது. சிப்பை உடைக்கும் மேடு பள்ளங்கள் அச்சிலேயே அழுத்தி வந்தவை. தீட்டினால் அவை போகும், அளவும் மாறும். பி.சி.டி. (செயற்கை வைரம்), சி.பி.என். முனை வைத்தவை விதிவிலக்கு, விலை அப்படி. சாதாரண இன்சர்ட்டில் மிச்சம் பிடிக்க வழி வேறு. டபிள்யூ.என்.எம்.ஜி. வகையில் ஆறு முனை, சி.என்.எம்.ஜி.யில் நான்கு. ஸ்கிராப் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் தொடாமலே எறிந்தவை நிச்சயம் கிடைக்கும். பயன்படுத்திய முனையில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைக்கும் பழக்கத்துக்கு ஈடாக எந்தத் தொழில்நுட்பமும் இல்லை.

தூள்

பெரிய கடைகளில் கிரைண்டிங் எண்ணெய்க்குள், மூடிய அறையில் நடக்கிறது. சந்துக்குள் இருக்கும் ஷெட்டுகளில் விடியா பிட்டை கிரீன் வீலில் உலர்வாகத் தீட்டுகிறார்கள், மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல். கோபால்ட் கலந்த கார்பைடு தூள் நுரையீரலைத் தடிக்க வைக்கும் நோயைத் தரும். அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, ஹார்டு மெட்டல் நுரையீரல் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டங்ஸ்டன் கார்பைடோடு சேர்ந்த கோபால்ட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் அதிகமுள்ள 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. வீல் பக்கத்தில் உறிஞ்சு குழாய், சரியான முகக்கவசம், ஈரத் துணியால் துடைப்பது ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் தீட்டுவது மலிவாக இருந்தால், அந்த மலிவின் பாக்கியைத் தீட்டுபவரின் மூச்சு கட்டுகிறது. ஏர் கன்னால் தூளை ஊதுவது இருப்பதிலேயே மோசம்.

கடைசியில் ஸ்கிராப், அதற்கு முன் சலான்

இனித் தீட்ட முடியாது என்ற நிலைக்கு வந்த கார்பைடுக்கும் விலை உண்டு. உருகிய துத்தநாகத்தில் ஏறக்குறைய 900 டிகிரியில் ஊறவைத்து, துத்தநாகத்தை ஆவியாக்கி எடுத்தால் கார்பைடு தூளாகத் திரும்பக் கிடைக்கும். ரசாயன முறையும் உண்டு. உலகின் டங்ஸ்டன் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஸ்கிராப்பிலிருந்தே வருகிறது. விற்கும்போது சாலிட் டூல், இன்சர்ட், பிரேசிங் செய்த (எஃகில் பற்றவைத்த) பிட் மூன்றையும் பிரித்து வைத்தால் நல்ல விலை படியும். கலந்துவிட்டால் இருப்பதில் மட்டமான வகையின் விலைக்குத்தான் கேட்பார்கள். பிரிக்கச் சோதனை சுலபம்: கார்பைடு காந்தத்தில் லேசாகவே ஒட்டும், அதே அளவு எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும்.

ரீகிரைண்டிங்குக்கு அனுப்புவது ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க் (இன்னொருவர் பொருளில் செய்து கொடுக்கும் வேலை). விற்பனை இல்லாததால் டெலிவரி சலானில் போகும். 143ஆம் பிரிவில், ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய இன்புட் ஓராண்டுக்குள்ளும் மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. டை, ஜிக், ஃபிக்ஸர், டூல் ஆகியவற்றுக்கு அந்த மூன்றாண்டுக் கெடு பொருந்தாது. ஓசூர் பட்டறைகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக் கடைக்கு அனுப்பினால் மாநிலம் மாறுகிறது. மாநிலம் தாண்டிய ஜாப் ஒர்க்குக்கு, சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் போட்டாக வேண்டும். பைக்கின் டேங்க் கவரில் பத்து டிரில்லைப் போட்டுக்கொண்டு வருபவருக்கும் இது பொருந்தும்.

சலானில் "கார்பைடு டிரில் – 10 எண்ணம்" என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொரு டூலின் ஷாங்க்கிலும் லேசரில் ஒரு எண் பொறிக்கச் சொல்லி, அந்த எண்களையும் சேர்த்து எழுதுவது நல்லது. எந்த டிரில் எத்தனையாவது முறை போகிறது, போன தடவை எத்தனை ஓட்டை போட்டது, நீளம் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அதே தாளிலிருந்து கிடைத்துவிடும். ஸ்டோர்காரர் "இது நாலாவது தடவை, இனிமே ஸ்கிராப்" என்று ஒதுக்கி வைக்கவும் அந்த எண்தான் வேண்டும்.